சந்திரமதி சேர்த்த ஓட்டுகள்

என் தங்கை சந்திரமதி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் ஆறாம் வகுப்பு வரை போனேன். வீட்டில் படித்தவன் என்று என்னைத்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் காஜா பேராங்கில் அத்தனை பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான், நான் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஒரு தேர்தலைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்.

அவளுக்குக் கித்தாக் கிட்டங்கியில், அதாவது ரப்பர்க் கிடங்கில், வேலை. தோட்டங்களிலிருந்து லாரியில் வரும் கித்தா ஷீட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அழுக்கோ பூஞ்சணமோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, தரம் பிரித்து அடுக்க வேண்டும். நான் அதே கிட்டங்கியில் தராசில் நின்றேன். அவள் பிரித்து அடுக்கியதை எங்கள் சீன முதலாளி தவுக்கே மறுபடி புரட்டிப் பார்க்க மாட்டார். மற்றவர்கள் அடுக்கியதைப் புரட்டுவார். அண்ணன் என்பதால் சொல்லவில்லை, கூட வேலை செய்தவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

அவள் புருஷன் நல்லையா பஸ் கண்டக்டர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுக்குப் பிரசவ வலி வந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் நர்ஸ் கிடையாது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அன்று காலையிலிருந்து மழை. பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஒன்றைப் பிடித்து ஏற்றினோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் நின்றது. பெச்சாக்காரரும் நானும் இறங்கித் தள்ளினோம். பாலம் தாண்டுவதற்குள் பெண் குழந்தை பெச்சாவிலேயே பிறந்துவிட்டது. அழுதது. நான் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது அழுகை இல்லை. தொப்புள்கொடியைப் பார்க்கத் தெரிந்த ஒரு கை பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சந்திரமதி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், வெளியே பிறந்து இங்கே பல காலம் வாழ்ந்தவர்கள் மலாய் மொழிப் பரீட்சை இல்லாமலே பிரஜையாகப் பதிந்துகொள்ள ஒரு வருஷம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். எங்கள் கம்பத்தில், அதாவது எங்கள் குடியிருப்பில், பெண்களில் பாதிப் பேர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்திரமதி ஒவ்வொரு வீடாகப் போனாள். பெருவிரலில் மை தடவி உருட்டினால் போதும் என்று ஆபீசில் சொல்லியும், கையெழுத்துப் போட்டுத்தான் பத்திரத்தை வாங்க வேண்டும் என்று இவள் பிடிவாதமாக நின்றாள். வேலை முடிந்து வந்து, தன் வீட்டுக் கூடத்தில் அவர்களை உட்கார வைத்தாள். ஆளுக்கு ஒரு சிலேட்டு. நம் வழக்கப்படி மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே பெயர். சுழி போடாமல் யாராவது ஆரம்பித்தால், "சாமியை மறந்துட்டு என்னத்த எழுதுறீங்க?" என்பாள்.

பொன்னம்மா என்று ஓர் அம்மாள். சாலை போடும் கும்பலில் வேலை செய்தவர், நல்ல வாய். "ஏன்டி, பிள்ளையாரை ஒரே இழுப்புல போட்டுடுறேன். என் பேரைத்தான் போட முடியல. பேசாம பிள்ளையார்னே பேரை மாத்திக்கிறேன், ஒரு சுழியோட முடிஞ்சு போகும் லா" என்பார். கூடமே சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் இளையவள் கமலவேணி. குருபோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். சந்திரமதியை அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வருவாள்.

அதற்கு மறு வருஷம் நகரசபைத் தேர்தல் வந்தது. மூன்று தரப்பு நின்றது. ஒரு தரப்பு, பின்னால் வந்தவர்களுக்கு இங்கே பேச்சு எதற்கு என்றது. இன்னொரு தரப்பு, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புரட்டிப் போட்டால்தான் விடியும் என்றது. நடுவில் நின்றவர்களுக்குக் குடைச் சின்னம். மலாய் வாத்தியார் ஒருவர், சீன இரும்புக்கடைக்காரர் ஒருவர், எங்கள் வார்டில் வக்கீல் ஆபீஸ் கிளார்க் மாணிக்கவாசகம், இப்படிப் பலர் சேர்ந்த அணி. அவர்கள் பேச்சில் சூடு கிடையாது. சாக்கடை, குழாய்த் தண்ணீர், காஜா பேராங்கில் ஒரு பிரசவ அறை, அதற்கு ஒரு நர்ஸ். இதைத்தான் சொன்னார்கள். மற்ற வார்டுகளைக் கணக்குப் பார்த்தால், சபையில் பெரும்பான்மைக்கு அவர்களுக்கு இன்னும் ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் எங்கள் வார்டு.

பிரசவ அறை என்ற வார்த்தை காதில் விழுந்த அன்றே சந்திரமதி மாணிக்கவாசகத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் கூடப் போனேன்.

"சார், ஜெயிச்சா நர்ஸ் வருவாங்களா? நிச்சயமா?"

"நான் ஒருத்தன் ஜெயிச்சா மட்டும் பத்தாதும்மா. சபையில எங்க பக்கம் கை அதிகமா இருக்கணும். இந்த ஒரு இடம் வந்தா அது அமைஞ்சிடும். தீர்மானம் தயாரா இருக்கு."

"அப்ப அந்த ஒரு இடத்தை நாங்க குடுக்கிறோம்" என்றாள் என் தங்கை. ஏதோ கடையில் அரிசி நிறுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னாள். அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை.

கிட்டங்கி விட்டதும் கால் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, செட்டி கம்பத்து வீடு, எல்லா இடத்துக்கும் போனாள். பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட அந்தச் செட்டிமார்களுக்குத் தமிழ் வராது, ஆனால் கோயில் நம் கோயில்தான். அவர்களோடு மலாயில் பேசுவாள். பந்தார் ஹிலிரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ரஹீம் பாய் குடை அணிக்குத் தீவிரமாக வேலை செய்தவர். அவரே ஒருநாள் என்னிடம், "அப்பாசாமி, உன் தங்கச்சி ஒரு பக்கம், எங்க ஆளுங்க பத்துப் பேர் ஒரு பக்கம். நாங்க போற வீட்டுல தண்ணி குடுக்கிறாங்க, அந்தப் பிள்ளை போற வீட்டுல ஓட்டு குடுக்கிறாங்க" என்றார்.

கூடத்தில் சிலேட்டுப் பாடம் நின்று, ஓட்டுப் பாடம் நடந்தது. காகிதத்தில் கட்டம் போட்டு, சின்னங்களை வரைந்து, குடைக்கு நேரே பெருக்கல் குறி போடச் சொல்லிக்கொடுத்தாள். கற்றுக்கொண்டவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாணிக்கவாசகம் ஒருநாள் வந்து அந்தக் காகிதங்களை வாங்கிப் பார்த்து, "கோடு ஒண்ணு கூடக் கட்டத்தைத் தாண்டலையே!" என்று மெச்சினார். கமலவேணிக்கு அப்போது ஐந்து மாதம். "அக்கா, எனக்கு நாள் வரும்போது நர்ஸ் வந்திருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். "உனக்காகத்தான்டி அவசரப்படுறேன்" என்றாள் சந்திரமதி.

ஓட்டுப் போடும் அன்று பெண்கள் கோயிலுக்குப் போவதுபோல வந்தார்கள். தலையில் பூ, வெளுத்த சேலை. பொன்னம்மா வரிசையில் நின்றுகொண்டே, "பிரஜை வராங்க, வழி விடுங்க!" என்று சத்தம் போட்டு, போலீஸ்காரரையே சிரிக்க வைத்தார். கமலவேணிக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை, நின்றே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். அவர்கள் யாருக்கும் அதற்கு முன்னால் ஓட்டு என்பதே கிடையாது. என் தங்கை வாசலுக்கு வெளியே, ஆட்கள் நிற்கலாம் என்று கோடு போட்டிருந்த இடத்தில், வெயிலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

சாயங்காலம் எண்ணிக்கை. குடை அணியின் சார்பில் உள்ளே உட்காரும் ஏஜண்டுகளாக ரஹீம் பாயும் நானும் போனோம். நிதானமாகப் பார்ப்பான் என்று என்னைச் சேர்த்திருந்தார்கள். சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டே வந்த அதிகாரி ஒரு சீட்டில் நின்றார். குடைக்கு நேரே ஒழுங்கான பெருக்கல் குறி. சீட்டின் தலைமாட்டில், நடுவில், ஒரு சின்னச் சுழி, அதன் வாலாக ஒரு கோடு.

"இது என்ன?" என்றார் மலாயில்.

அவர் அதைத் தனியாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. தனியாக வைத்த கட்டு உயர்ந்துகொண்டே போனது.

ரஹீம் பாய் எழுந்து நின்றார். "துவான், நான் கடைக்காரன். காலையில கணக்கு எழுத உட்கார்ந்தா முதல்ல 786ன்னு போட்டுட்டுத்தான் எழுதுவேன். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். இவங்க இதைப் போடுவாங்க. ஓட்டு யாருக்குன்னு கீழே தெளிவா இருக்கு, பாருங்க. சந்தேகம் இருக்கா?"

அதிகாரி மரியாதையான மனிதர். கோபப்படவில்லை. "சந்தேகம் இல்லை, ரஹீம். ஆனால் குறியைத் தவிர வேறு அடையாளம் இருந்தால் சீட்டு செல்லாது. இன்றைக்கு இதை விட்டால், நாளைக்கு ஒருவன் காசு வாங்கிக்கொண்டு அடையாளத்துக்குப் பூ வரைவான். அதையும் விட வேண்டும்."

"காசு வாங்கின கை இல்ல, துவான் இது."

"எனக்குத் தெரிகிறது. சட்டத்துக்குத் தெரியாது."

ரஹீம் பாய் உட்கார்ந்துவிட்டார். மாணிக்கவாசகம் ஒன்பது ஓட்டில் தோற்றார். சுழி போட்ட சீட்டுகள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தன. சபையில் பெரும்பான்மை அமையவில்லை. வெளியே வந்தபோது மாணிக்கவாசகம் என் தோளைத் தட்டி, "பிள்ளையாரே எதிர்த்து நின்னா நான் என்னப்பா செய்வேன்?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை அவருக்கு.

சந்திரமதி வீட்டில் பெண்கள் கூடிக் காத்திருந்தார்கள். தோற்றுவிட்டோம் என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னேன். அவர்கள் ஆளாளுக்குத் திட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்த பிறகு, மீதியை அவளிடமும் நல்லையாவிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. உள்ளே போய், பாடம் நடத்திய காகிதங்களை எடுத்து வந்து விளக்கடியில் வைத்தாள். எல்லாவற்றின் தலையிலும் சுழி இருந்தது.

"இத்தனை நாளா பார்த்திருக்கேன், கண்ணுல படவே இல்லையே அண்ணே."

"யார் கண்ணுலயும் படலம்மா. மாணிக்கவாசகம் சாரும்தான் பார்த்தாரு." கித்தா ஷீட்டில் கடுகளவு அழுக்கை விடாத கண் அவளுடையது. ஆனால் அது அழுக்கு இல்லையே. பிறந்ததிலிருந்து எந்தக் காகிதத்தின் மேலும் பார்த்த ஒன்று எப்படி உறுத்தும்?

நல்லையா மெதுவாகச் சொன்னார்: "அவங்ககிட்ட இதைச் சொல்லாதே. அடுத்த தடவை வேற மாதிரி சொல்லிக்குடு. முடிஞ்சு போனதைச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அவங்க ஓட்டுங்க அது. அது எங்க போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாம, எனக்கு மட்டும் தெரிஞ்சா எப்படி? அவங்களைக் கைநாட்டு போட வேணாம்னு சொன்னது நான். இப்ப நானே அவங்களைச் சின்னப் பிள்ளைங்க மாதிரி நடத்தணுமா?"

அவள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது.

மறுநாள் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். தான் சொல்லிக்கொடுத்த தவறு, அவர்கள் தவறு இல்லை என்று பல தடவை சொன்னாள். பொன்னம்மாவுக்குக் கோபம் பொங்கியது. "பிள்ளையார் போட்டதுக்கா செல்லாதுன்னான்? நான் பெருக்கல் போட்டதைவிட அதைத்தானே அழகாப் போட்டேன்! அவனைக் கூட்டிட்டு வா, டவுன் கோயில்ல நிக்க வைச்சுக் கேக்கிறேன்." சிலர் சிரித்தார்கள். சிலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். கமலவேணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நானும் போட்டேன் அக்கா. அப்ப நர்ஸ் வரமாட்டாங்களா?"

"இந்த வருஷம் வரமாட்டாங்கம்மா. உனக்கு நாள் நெருங்கும்போது நான் லீவு எடுத்துடுறேன். முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அவள் சொன்னபடி செய்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. லீவுக்குத் தவுக்கேயிடம் சொல்லியும் வைத்திருந்தாள். ஆனால் கமலவேணிக்கு நாள் நெருங்கவில்லை, அதற்கு வெகு முன்னாலேயே வலி வந்துவிட்டது. பட்டப்பகல். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் கிட்டங்கிக்கு ஓடி வந்து சொன்னார். சந்திரமதி கையில் கத்தரியோடு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். நான் போய் ரஹீம் பாயின் கடைக் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதற்குள் நேரம் போய்விட்டது. இந்தத் தடவை ரோட்டில் தண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றினார்கள். ஆண் குழந்தை, தங்கவில்லை. குறைமாதக் குழந்தை, எங்கே பிறந்திருந்தாலும் கஷ்டம்தான் என்றும் ஒருவர் சொன்னார். உடனே கவனித்திருந்தால் என்றும் ஒருவர் சொன்னார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

சந்திரமதி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கமலவேணியின் கையைப் பிடித்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். திட்டவில்லை, கையை உதறவில்லை.

"அக்கா, அந்தச் சுழியைப் பத்தி நீங்க எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

என் தங்கை அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையை விடவில்லை.

சபையில் எந்தப் பக்கமும் கை ஓங்காமல் அந்த வருஷம் கழிந்தது. பிரசவ அறைத் தீர்மானம் வருவதும் தள்ளிப்போவதுமாக இருந்தது. வருஷக் கடைசியில் எங்கள் வார்டில் ஜெயித்திருந்த உறுப்பினர் ஊர் மாறிப் போனதால் மறுபடி தேர்தல் வந்தது. குடை அணிக்கு மாணிக்கவாசகமே நின்றார். சந்திரமதி இந்தத் தடவை வரமாட்டாள் என்று நான் நினைத்தேன். அவள் வந்தாள். அதே வீடுகளுக்கு, அதே நேரத்துக்குப் போனாள். முன்னைப்போலப் பேச்சு இல்லை. பாடக் காகிதத்தை நீட்டி, "இந்தக் கட்டத்துக்குள்ள மட்டும். வேற எங்கயும் பென்சில் படக் கூடாது" என்பாள்.

"சாமியைக் கும்பிடாம எப்படிடி?" என்றார் பொன்னம்மா.

"வாசல்லயே கும்பிட்டுட்டு உள்ளே போங்க."

"சரி போ. பிள்ளையார் வெளியில நிக்கட்டும், செருப்பைப் பார்த்துக்குவாரு" என்று பொன்னம்மா விட்டுக்கொடுத்தார். பிள்ளையாரிடம் அவ்வளவு உரிமை அவருக்கு.

சந்திரமதி கமலவேணி வீட்டுக்கும் போனாள். நான் படிக்குக் கீழே நின்றேன். கமலவேணி வாசலுக்கு வந்து, மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தாள். காகிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"எனக்கு வேணாம் அக்கா. அந்தக் கையால மறுபடி போட முடியல."

சந்திரமதி வற்புறுத்தவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

மாணிக்கவாசகம் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் சுழி போட்ட சீட்டு ஒன்றுகூட வரவில்லை. எண்ணும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். குடை அணிக்குச் சபையில் பெரும்பான்மை அமைந்தது. தீர்மானம் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேறியது. மழைக்காலம் முடிவதற்குள் பிரசவ அறை வந்துவிட்டது. பலகைச் சுவர், துத்தநாகக் கூரை, இரண்டு கட்டில், சைக்கிள் வைத்திருந்த ஒரு நர்ஸ். பெரிய கட்டடம் இல்லை. எங்களுக்கு அது போதும்.

திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். மாணிக்கவாசகம் மேடையில் என் தங்கை பெயரைச் சொல்லி, ரிப்பனை அவள்தான் வெட்ட வேண்டும் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் அவள் இல்லை. ரஹீம் பாய் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். கடைசியில் பொன்னம்மாவைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்கள். அவர் வெட்டிவிட்டு, கத்தரியைத் திருப்பித் தர மறுத்துக் கலாட்டா செய்துகொண்டிருந்தார்.

நான் தேடிக்கொண்டு போனேன். எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். கமலவேணி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அடுப்புப் புகை கூரையில் கசிந்தது.

"கமலம்" என்றாள். "அறை திறந்தாச்சு. நர்ஸ் வந்துட்டாங்க. நம்ம தமிழ்ப் பொம்பளைதான்."

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"நல்லா இருக்கட்டும் அக்கா."

அவ்வளவுதான். சந்திரமதி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். கதவு திறக்கவில்லை. நாதஸ்வரம் இங்கே வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு இறங்கி என்னோடு நடந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"அண்ணே, நாம ஜெயிச்சுட்டோம்ல?"

"ஜெயிச்சுட்டோம்மா" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கூட்டம் இருந்த பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.